குஞ்சமும் தலைத்துண்டும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஓர் ஆடி மாதம். ஆவணி முகூர்த்தங்களுக்கான பட்டுப் புடவைகள் தறியிலிருந்து இறங்கி இறங்கி என் மேஜைக்கு வந்துகொண்டிருந்த நேரம். காஞ்சிபுரத்தில் கோயில் மதிலை ஒட்டிய ஒரு தெருவில், ரொட்டிக் கடைக்கு மேலே இருக்கும் மாடி ஹாலில்தான் இது நடந்தது. அந்த ஹாலை நாங்கள் மூன்று பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்து, ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து அவரவர் வேலையைப் பார்க்கிறோம்.

என் வேலை புடவையைப் பார்ப்பது. நெய்து வந்த புடவையை நீள மேஜையில் விரித்து, கரையிலிருந்து முந்தானை வரை கண்ணால் மேய்ந்து, தூக்கி நிற்கிற நூலை நறுக்கி, மடித்துப் பெட்டியில் வைத்து ஒரு ஜவுளிக் கடைக்கு அனுப்ப வேண்டும். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. இழை எண்ணிப் பார்க்க இந்தத் தொழிலில் எல்லோரும் ஒரு மடக்கு லென்ஸ் வைத்திருப்பார்கள். என்னிடமும் ஒன்று உண்டு, ஆனால் அது டிராயரில் தூங்கும். என் கண்ணே போதும் என்று எனக்கு ஒரு கர்வம். என் மேஜைப் பக்கம் காபி டம்ளர் வரக் கூடாது, தலைக்கு எண்ணெய் வைத்தவர்கள் குனியக் கூடாது, நகம் வெட்டாதவர்கள் தொடக் கூடாது. இந்தச் சட்டங்களை எல்லாம் போட்டவள் நான்தான் என்பதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஜன்னலோரம் ஒரு பாய். அறுபதைத் தாண்டியவர். ரவிக்கைத் துணியை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் மணியும் ஜரிகையும் வைத்து ஆரி வேலை செய்வார். அதிகம் பேச மாட்டார். தொழுகை நேரத்துக்கு ஹாலின் மூலையில் விரிப்பைப் போட்டுக்கொள்வார், வெள்ளிக்கிழமை மட்டும் மசூதிக்குப் போவார். மூன்றாவது ஆள், பெங்களூரில் பார்த்த வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, செல்போன் முன்னால் நின்று புடவை விற்கிற ஒரு பெண். முப்பது வயது இருக்கும். பாய் அவளுக்கு அங்கிள், நான் ஆன்ட்டி. அவள் வாயைத் திறந்து "ஹாய் சிஸ்டர்ஸ்" என்றால் கீழே ரொட்டிக் கடையில் ஒருவர் திரும்பிப் பார்ப்பார். அதற்கே நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஹாலுக்குள் எதைப் புதிதாகக் கொண்டு வந்தாலும் மூன்று பேரும் சரி என்று சொல்ல வேண்டும். இது முதல் நாளே பேசிக்கொண்ட ஏற்பாடு. பாயின் ரேடியோ, அவளுடைய வட்ட விளக்கு, என் டேபிள் ஃபேன் எல்லாம் அப்படித்தான் உள்ளே வந்தன. அந்த ஆடி வெள்ளியன்று அவள் கொண்டு வந்தது ஒரு நாய்.

நல்ல செவலை நிறத்தில் ஒரு நாட்டு நாய். வால் நுனியில் மட்டும் கொஞ்சம் நீளமாக முடி. பாய் மசூதிக்குப் போயிருந்தார். தெருவில் அம்மன் கோயில் கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டிருக்க, அதற்குள் நீந்தி வந்த களைப்பில் இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள்.

"ஆன்ட்டி, இவன் பேரு குஞ்சம். ஒன் வீக் ட்ரயல் பாருங்களேன், ப்ளீஸ். செம்ம டீசன்ட்டான பையன்" என்றாள்.

முந்தானை நுனியில் கட்டுகிற குஞ்சத்தை நாய்க்குப் பேராக வைத்ததே எனக்கு எரிச்சல். அவள் காரணத்தைச் சொன்னாள். ஐயம்பேட்டையில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருக்கிறாள். இவள் வேலைக்குக் கிளம்பியதும் இது ஊளையிட ஆரம்பித்துவிடுகிறதாம். இன்னொரு தடவை சத்தம் கேட்டால் அறையைக் காலி பண்ணிக்கொள் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டாராம். "பெங்களூர்ல எங்க ஆபீஸுக்கு எல்லாரும் நாயைக் கூட்டிக்கினு வருவாங்க ஆன்ட்டி. அதுங்களுக்குன்னு தனியா பெட்டே இருக்குது" என்று வேறு சொன்னாள். இங்கே மனுஷிக்கே சாய்ந்து உட்கார ஒரு நல்ல நாற்காலி இல்லை.

எனக்கு நாய் பிடிக்காது. பட்டும் நாயும் ஒரே கூரையின் கீழ் இருப்பது அதைவிடப் பிடிக்காது. அதை அப்படியே சொல்லியிருக்கலாம், என் உரிமைதானே. ஆனால் பொல்லாதவள் என்று பேர் வாங்கவும் எனக்கு மனமில்லை. எனக்குக் காரியமும் ஆக வேண்டும், நல்ல பேரும் வேண்டும். அதனால் இப்படிச் சொன்னேன்: "எனக்கு ஒண்ணுமில்லம்மா, வாயில்லா ஜீவன், இருந்துட்டுப் போவட்டும். ஆனா பாய் தொழுற எடம் பாரு. நாய் இருந்தா அவருக்கு ஆவாது. அவர்கிட்ட நேரா கேட்டுடாதே. முடியாதுன்னு சொல்ல பாவம் கூச்சப்படுவாரு."

பாயிடம் நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. அவள் முகம் விழுந்துவிட்டது. நாயை வெளியே மாடிப்படி முகப்பில் ஒரு சாக்கைப் போட்டுக் கட்டினாள். உள்ளே வராத வரைக்கும் நான் என்ன சொல்ல முடியும்? அது கதவிடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பெருமூச்சு விட்டது. ரொட்டி வாங்க வந்தவர்கள் எல்லாம் படியேறி வந்து அதைக் கொஞ்சிவிட்டுப் போனார்கள். எனக்கு ஒரு புடவையை நிம்மதியாக மடிக்க முடியவில்லை.

ஐந்தாம் நாள் சாயங்காலம் பேய் மழை. படிமுகப்புக்குக் கூரை கிடையாது. அந்தப் பெண் பார்சல் போட வெளியே போயிருந்தாள். பாய் எழுந்தார், கதவைத் திறந்தார், கயிற்றை அவிழ்த்தார். குஞ்சம் உள்ளே வந்து ஹாலின் நடுவில் நின்று உடம்பை ஓர் உதறு உதறியது. நான் மேஜை மேல் விழுந்து புடவையை மறைத்துக்கொண்டேன்.

"என்ன பாய், நீங்க போயி..." என்றேன்.

"நனையுதும்மா" என்றார். அவ்வளவுதான்.

அதே நேரம் அந்தப் பெண் சொட்டச் சொட்ட ஓடி வந்தாள். நாய் உள்ளே இருப்பதைப் பார்த்ததும் பதறிப்போனாள். "சாரி அங்கிள், சாரி. உங்களுக்கு ஆவாதுன்னு ஆன்ட்டி சொன்னாங்க. அதான் நான் வெளியவே கட்டி வச்சேன்."

பாய் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூட எனக்குத் தேவலாம் என்று இருந்திருக்கும். "நான் எப்பம்மா சொன்னேன்?" என்று மெதுவாகக் கேட்டார். பிறகு அவளிடம், "என் விரிப்பை எடுத்து அலமாரி மேல வச்சிக்கிறேன். ஈர மூக்கு பட்டா கழுவிக்கினு போறேன். என் தொழுகைய நான் பாத்துக்க மாட்டேனா?" என்றார். மணி கோக்க உட்கார்ந்துவிட்டார். நான் புடவையைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். எந்தப் புடவை, என்ன நிறம் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

இனிமேல் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. நானேதான் எனக்கு ஒண்ணுமில்லை என்று முதலிலேயே சொல்லித் தொலைத்துவிட்டேனே. குஞ்சம் அதிகாரபூர்வமாகக் குடியேறியது. இவ்வளவு பெரிய ஹாலில் அது படுக்கத் தேர்ந்தெடுத்த இடம் என் மேஜைக்கு அடியில், என் பாதத்தின் மேல். தள்ளினால் திரும்பி வரும். குறட்டை விடும். கூரியர்காரர் வந்தால் குரைக்கும், மின்சாரம் போனால் குரைக்கும், வந்தாலும் குரைக்கும். அவளுடைய நேரலையில் ஒரு நாள் வாலை ஆட்டிக்கொண்டு குறுக்கே போயிற்று. அன்றிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் புடவையை விட்டுவிட்டு "குஞ்சம் எங்கே, குஞ்சம் எங்கே" என்று கேட்க ஆரம்பித்தார்கள். என் வீட்டுக்காரரிடம் தினமும் புலம்பினேன். "நாயும் உன்னாட்டம் டயத்துக்கு வேலைக்கு வருது, விடு" என்று அவர் சிரித்தார். அன்று அவருக்கு ரசத்தில் உப்புப் போடவில்லை.

மூன்று வாரம் போனது. ஒரு நாள் காலை கடைக்காரர் போன் செய்தார். எப்போதும் அம்மா அம்மா என்று பேசுகிறவர், அன்று குரலே சரியில்லை. கோயம்புத்தூருக்குப் போன முகூர்த்தப் புடவையைப் பெண் வீட்டார் சபையில் பிரித்தபோது, மடிப்புக்குள்ளிருந்து ஒரு முடி வந்ததாம். மாப்பிள்ளை வீட்டார் முன்னிலையில். அபசகுனம் என்று புடவையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முடியின் போட்டோவை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். விரல் நீளம், செவலை நிறம்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயம் பாதி என்றால் சந்தோஷம் பாதி. "எங்க ஹால்ல ஒரு நாயைக் கொண்டாந்து வச்சிருக்காங்க சார், எவ்வளவோ சொன்னேன், கேக்கல" என்று அவரிடம் சொன்னேன். எவ்வளவோ சொன்னேனாம். அந்தப் பெண்ணிடம் போட்டோவைக் காட்டினேன். அவள் பார்த்தாள், கீழே படுத்திருந்த நாயைப் பார்த்தாள். "என் பொழப்பும்மா இது" என்றேன். அது நிஜம்தான், அந்தக் கடை வேலை போனால் எனக்கு வேறு வேலை இல்லை. பாய் மட்டும், "நாய் முடிதானா, நல்லா பாத்தீங்களா?" என்று கேட்டார். இருபத்திரண்டு வருஷக் கண்ணைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி. எனக்குச் சுர்ரென்று வந்தது. இரண்டு நாள் கழித்து, அந்த முடியை வெள்ளைத் தாளில் ஒட்டி ஒரு கவரில் போட்டுக் கடையிலிருந்து அனுப்பினார்கள். அதைப் பிரிக்காமலே டிராயரில் தள்ளினேன். பார்க்க என்ன இருக்கிறது?

குஞ்சத்தை அவள் வாலாஜாபாத்தில் ஒரு அரிசி ஆலையில் காவலுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டாள். அவளுக்குத் தெரிந்தவர்கள் ஆலையாம். போகிற அன்று அது என் மேஜைக்கு அடியிலிருந்து வர மறுத்தது. அவள் தூக்கிக்கொண்டு போனாள். மறுநாளிலிருந்து ஹால் அமைதியாக இருந்தது. அவள் "ஹாய் சிஸ்டர்ஸ்" சொல்வதைக்கூட நிறுத்திவிட்டு, விலையை மட்டும் சொல்லிப் புடவையைக் காட்டினாள். நான் கேட்டது இந்த அமைதியைத்தான். கிடைத்த பிறகு அது என்னைப் பாடாய்ப் படுத்தியது.

ஹாலை மூன்று முறை கழுவிவிட்டேன். சுவரைத் துடைத்தேன், ஃபேனைக் கழற்றிக் கழுவினேன், மேஜைக்குப் புது வெள்ளைத் துணி போட்டேன். பத்து நாள் கழித்து, சந்தன நிறப் புடவை ஒன்றை மடிக்கும்போது, மடிப்பில் அதே செவலை முடி. எடுத்துப் போட்டேன். மறுநாள் இன்னொரு புடவையில் இன்னொன்று. "அந்த நாய் போயும் அதோட முடி போவலையே பாய், என்ன ஜென்மம் அது" என்று கத்தினேன். அந்தப் பெண் வட்ட விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை.

பாய் எழுந்து வந்தார். "உங்க லென்ஸைக் குடுங்கம்மா" என்றார். டிராயரைத் திறந்து கொடுத்தேன். வெள்ளைத் துணியின் மேல் அந்த முடியை வைத்து, லென்ஸை விரித்து, குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு லென்ஸை அப்படியே முடியின் மேல் விட்டுவிட்டு, "நீங்களே பாருங்கம்மா" என்று சொல்லி டீ வாங்கப் போய்விட்டார். அவர் மாலை நேரத்தில் டீ குடித்து நான் பார்த்ததே இல்லை.

குனிந்து பார்த்தேன். முடி பெரும்பாலும் செவலை. வேர்ப்பக்கம் ஓர் அரிசி நீளத்துக்குச் சுத்த வெள்ளை. வெள்ளை முடியும் இடத்தில் கோடு கிழித்ததுபோல் நிறம் தொடங்குகிறது. எந்த நாய்க்கும் அப்படி முளைக்காது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைக்கு மருதாணி போட்டுக்கொள்கிறவளுக்குத்தான் அப்படி முளைக்கும். எனக்கு நெற்றியோரத்தில் முடி வேரோடு உதிர்வது அப்போதே இரண்டு வருடமாக உண்டு. நாள் முழுக்கப் புடவை மேல் குனிந்து நிற்கிறவள் நான். எண்ணெய்த் தலைக்காரர்களை விரட்டியவள், என் தலையை ஒரு நாளும் சந்தேகப்படவில்லை.

டிராயரிலிருந்து அந்தக் கவரை எடுத்துப் பிரித்தேன். தாளில் ஒட்டியிருந்ததையும் லென்ஸில் பார்த்தேன். வேரில் வெள்ளை, மிச்சம் மருதாணி. சபையில் விழுந்த முடி என்னுடையது. அதற்காக வாலாஜாபாத்தில் ஒரு ஜீவன் கட்டிக் கிடக்கிறது.

சொல்லாமலே இருந்துவிடலாமா என்று யோசித்தேன். ஆமாம், யோசித்தேன். பாய் யாரிடமும் சொல்ல மாட்டார், அதற்காகத்தான் அவர் கீழே போயிருக்கிறார் என்பதும் எனக்குப் புரிந்தது. அந்த மரியாதைதான் என்னை இருக்க விடவில்லை. எழுந்து அவள் பக்கம் போய் லென்ஸை நீட்டினேன். "வந்து பாரும்மா. இது என் முடி. முதல்ல வந்ததும் என்னுதுதான். பாய் பேரைச் சொல்லிப் பொய் சொன்னதும் நான்தான். மன்னிச்சிடு" என்றேன்.

அவள் அழுவாள், இல்லை திட்டுவாள் என்று நினைத்தேன். ஒரு நிமிடம் என் நெற்றியோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சாரி எல்லாம் வேணாம் ஆன்ட்டி. குஞ்சத்தை யார் போய் கூட்டிக்கினு வர்றது?" என்று கேட்டாள்.

நான்தான் போனேன். போவதற்கு முன்னால் கடைக்காரருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "தலையில ஒரு துண்டு கட்டியிருக்கலாமேம்மா" என்றார். அந்தத் தீபாவளிக்கான புடவைகளை அவர் வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். தை மாதம்தான் திரும்பக் கூப்பிட்டார். நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது?

ஆலை வாசலில் குஞ்சம் தவிடு படிந்து, செவலை தெரியாமல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து சங்கிலியின் நீளம் வரை ஓடி வந்து, என் பாதத்தின் மேல் படுத்துக்கொண்டது. எந்தத் துரோகத்தையும் கணக்கில் வைக்காத அந்தப் பிராணியின் மேல் எனக்கு அப்போதும் கோபம்தான் வந்தது. கொஞ்சமாவது முறைத்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். திரும்புகிற வழியில் பேருந்தில் ஏற்ற மாட்டேன் என்றார் கண்டக்டர். ஷேர் ஆட்டோக்காரர், "நாய்க்கு எடமில்லக்கா, நீங்க மட்டும்னா ஏறுங்க" என்றார். அவரை நான் என்ன குறை சொல்ல முடியும்? நானும் அதைத்தானே சொன்னேன், அதுவும் இன்னொருவர் வாயால். கடைசியில் காலி உரச் சாக்குகளை ஏற்றிக்கொண்டு வந்த ஒரு லோடு ஆட்டோவின் பின்னால், சாக்குகளின் மேல் உட்கார்ந்து, அதை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன். புடவை முழுக்கத் தவிடும் முடியும். வழியெல்லாம் என் முகத்தை நக்கியது.

படியேறியதும் அந்தப் பெண் ஓடி வந்து அதைக் கட்டிக்கொண்டாள். பாய் சட்டத்திலிருந்து தலையைத் தூக்கி, "வந்துட்டானா" என்றார். மடியில் ஒட்டியிருந்த அதன் முடியைத் தட்டிவிடப் போனவள், ஒன்றை மட்டும் எடுத்து லென்ஸில் வைத்துப் பார்த்தேன். வேரிலிருந்து நுனி வரை ஒரே செவலை. இவ்வளவு சுலபமான விஷயம் அது.

இப்போதும் நாங்கள் அதே ஹாலில்தான் இருக்கிறோம். குஞ்சம் இன்றும் கூரியர்காரரைப் பார்த்துக் குரைக்கிறது, என் மேஜைக்கு அடியில் குறட்டை விடுகிறது, எனக்கு இன்றும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. நாய் பிடிக்கத் தொடங்கிவிட்டது என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன், பொய் சொன்ன வரைக்கும் போதும். காலையில் வந்ததும் அவள் ஒரு பிரஷ்ஷால் அதை வெளியே நிறுத்தி வாருகிறாள். நான் உள்ளே நின்று தலையில் ஒரு வெள்ளைத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொள்கிறேன். வேலையிலோ வீட்டிலோ ஏதாவது தவறு நடந்து, யார் மேலாவது பழி சொல்ல என் வாய் திறக்கும்போதெல்லாம், இன்றைக்கும் என் கை தானாக எழுந்து அந்தத் துண்டு தலையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்கிறது.